உறுமி மட்டும் கேட்கும் இடம்

கயிற்றை அவிழ்க்கச் சொல்லவில்லை, தம்பி. கயிறு இருக்கட்டும். கயிறு கட்டுவது உங்கள் வேலை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்பது என் வேலை. இந்தச் சவுக்குக் கம்பத்தை ஒட்டி ஓரமாக நின்றுகொள்கிறேன். இங்கிருந்து மேடைப் படி தெரிகிறது. அவள் ஏறும்போது ஒரு தரம் திரும்பினால் என் முகம் அவளுக்குத் தெரியும். அது போதும். பின்னால் உட்கார்ந்திருந்தால், பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு நான் எழுந்து, வேட்டியை இறுக்கி, இத்தனை பேர் காலையும் மிதித்துக்கொண்டு வருவதற்குள் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிடும். சபையைக் காக்க வைக்கக் கூடாது. நான் சபை பார்த்தவன்.

பாஸா? பாஸ் இல்லை. என் முகம்தான் பாஸ். பபூன் அடைக்கலம் என்றால் உங்களுக்குத் தெரியாதா? உங்களுக்கு எந்த ஊர்? காரைக்குடியா? சரி, உங்கள் வயதுக்குத் தெரிய நியாயமில்லை. அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். சிங்கம்புணரிப் பக்கம் ஒரு நாடகம். நான் மேடைக்கு வரக்கூட இல்லை, திரைக்குப் பின்னால் நின்று ஒரு தும்மல்தான் தும்மினேன். சிரித்த சிரிப்பில் பந்தல் கால் சாய்ந்துவிட்டது. முன்னால் உட்கார்ந்திருந்த நிறைமாதக்காரி அங்கேயே பிள்ளை பெற்றாள். அந்தப் பிள்ளைக்கு அடைக்கலம் என்று பெயர் வைத்தார்கள். இப்போது தாசில்தார்.

சிரிக்கிறீர்கள். நம்பாவிட்டால் போகட்டும். பபூன் பேச்சை ஊர் நம்ப ஆரம்பித்தால் ராஜா வேஷக்காரன் பேச்சை யார் கேட்பது? ஆனால் இப்போது சொல்கிறது நிஜம், தம்பி. இன்றைக்கு இந்த மேடையில் பாடப்போகிற அழகுநாச்சி இருக்கிறாளே, அவளுக்கு நான் மாமன். என் பெண்டாட்டி இருளாயியோடு கூடப்பிறந்தவன் மகள். அப்பன் போனபிறகு, பாவாடையும் மூக்குச்சளியுமாக எங்கள் வீட்டுக்கு வந்தவள். அவளை ஆளாக்கினது நான். அவள் பாடின பாட்டெல்லாம் என் பாட்டு. இன்றைக்கு அந்த விஷயத்தை அவள் வாயாலேயே சொல்லப்போகிறாள். அதற்காகத்தான் நிற்கிறேன்.

என்ன, மைக் டெஸ்டிங்கா? இன்னும் நேரம் இருக்கிறது. நல்லது.

உங்கள் பேர் என்ன? பேட்ஜில் எழுத்து சின்னதாக இருக்கிறது. ஜெயசீலனா? நல்ல பேர். ஜெயசீலன், அந்த முன்வரிசையில், மீசையை முறுக்கிக்கொண்டு ஒருத்தன் இருக்கிறான் பாருங்கள், பச்சைத் துண்டு. அவன் தவசி. டீக்கடை வைத்திருக்கிறான். இருளாயி போனபிறகு எனக்குச் சோறும் அவன் கடையில்தான், பேச்சும் அவன் கடையில்தான். இன்றைக்குக் காலையில் இட்லித் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிச் சொல்கிறான். "அடைக்கலம் அண்ணே, இத்தனை வருசமா அது ஓம் பேருதான்னு சொல்லிச் சொல்லி எங்க கடையில டீ குடிச்சிட்டே. இன்னைக்குச் சாயங்காலத்தோட தெரிஞ்சு போகும். வேற பேரு வந்துச்சுன்னா நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இங்க வந்து உக்காருவே?" கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். நான் சிரிக்க வைக்கிறவன், என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்களோடு சேர்ந்து சிரிக்க எனக்குத் தெரியாதா? ஆனால் இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அதனால்தான் சொல்கிறேன், நான் இங்கே நிற்பது சும்மா வேடிக்கைக்கு இல்லை.

எந்தப் பேர் என்று கேட்கிறீர்களா? நீங்கள் அவள் பாட்டே கேட்டதில்லையா? சரி, சரி, போனில் கேட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் அந்த இடம் உங்களுக்கும் தெரியும். ஆமாம், அதேதான். உறுமி மட்டும் கேட்கும் இடம்.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு, தம்பி. மேடை ஏறினால் முதல் பாட்டு சபை வணக்கம். பிள்ளையாருக்கு ஒரு அடி, ஊர்த் தெய்வத்துக்கு ஒரு அடி, பெற்றவர்களுக்கு ஒரு அடி, அப்புறம் பாட்டுச் சொல்லித்தந்தவருக்கு ஒரு அடி, பிறகு சபைக்கு. சொல்லித்தந்தவர் பெயரை நாலு பேர் கேட்கச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் பாடினால் அந்தப் பாட்டுக்கு ஊர் தெரியாது, பேர் தெரியாது. அழகுநாச்சி கேசட்டுப் போட்டாலும் சரி, சினிமாக்காரி ஆன பிறகும் சரி, முதலில் அந்த வணக்கம்தான். பிள்ளையார் வருவார், செல்லியம்மன் வருவாள், ஆத்தாளும் அப்பனும் வருவார்கள். "பாட்டெடுத்து ஊட்டிவிட்ட" என்று எடுப்பாள். அப்புறம் வாயை மூடிக்கொள்வாள். உறுமி மட்டும் உறுமிக்கொண்டு போகும். ஒரு பேர் சொல்கிற நேரம். பிறகு "வணக்கமுங்க" என்று வந்து சேர்ந்துகொள்வாள்.

அந்த இடைவெளியில் வரவேண்டியது என் பேர்.

முதலில் இருந்து சொல்கிறேன். இவன் மைக்கைத் தட்டி முடிக்க இன்னும் நேரம் ஆகும்.

முதல் கேசட்டு 'வைகாசி வெயிலு'. நாடகத்துக்கு ஆள் கூப்பிடுவது குறைந்துபோய், நான் சொந்தமாக ஒரு கிராமியப் பாட்டுச் செட்டு வைத்திருந்த காலம். மதுரையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஸ்டூடியோ. சுவரெல்லாம் சாக்கு. எட்டுப் பாட்டு. எட்டும் என் வார்த்தை. எப்படி எழுதினேன் என்கிறீர்களா? நான் எழுதுகிறவன் இல்லை, எனக்கு ஊற்று மாதிரி வரும். விடியற்காலை காப்பித் தண்ணீரை வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன். கொல்லையில் இருளாயி சாணி தெளித்துக்கொண்டு ஏதாவது முனகுவாள். அவள் முனக ஆரம்பித்தால் போதும், எனக்குள்ளே அடி அடியாகக் கிளம்பும். அவள் ஒரு நாள் ஊருக்குப் போய்விட்டால் எனக்கு ஒன்றும் வராது. அவ்வளவு ராசி அவளுக்கு.

அவள் பாடுவாளா என்றா? இருளாயியா? அவளுக்குப் பாட்டெல்லாம் வராது, தம்பி. நடவுக்குப் போனால் பொம்பளைகளோடு ஏதோ இழுப்பாள். சாவு வீட்டில் அவள் போய் உட்கார்ந்தால்தான் அழுகை சூடு பிடிக்கும் என்று சொல்லி அக்கம்பக்கத்து ஊரில் இருந்து வந்து கூட்டிப் போவார்கள். அதெல்லாம் பாட்டா? வீட்டுக்குள் பாடக் கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லி வைத்துவிட்டேன். கலைஞன் வீட்டில் ரெண்டு குரல் கூடாது. அதனால்தான் கொல்லையில் முனகல். பிள்ளை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரியும். சோறு ஊட்டும்போதுகூட ரெண்டும் ஏதோ குசுகுசுவென்று இழுத்துக்கொண்டிருக்கும். நான் செருமினால் நின்றுவிடும். அவ்வளவு மரியாதை.

'ஊட்டிவிட்ட' என்ற வார்த்தை எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள். கேட்கவில்லையா? சரி. தவசி கேட்டான். நான் யாருக்கும் சோறு ஊட்டினவன் இல்லை. அது பாட்டுக்காக வந்து விழுந்த வார்த்தை. பாட்டில் எல்லாவற்றுக்கும் அர்த்தம் பார்க்கக் கூடாது.

பதிவுக்கு முந்தின நாள் அந்தப் பிள்ளை என் முன்னால் வந்து நிற்கிறது. தாவணி போட்ட புதிது. "மாமா, வணக்கத்துல அத்தை பேரைச் சொல்லட்டா?" என்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பொம்பளை பேரைச் சபையில போட்டு ஏலம் விடுறதா? போ, போயி எம் பேரைச் சொல்லிப் பழகு" என்றேன். "கேசட்டு அட்டையிலயாச்சும் போடுங்க மாமா" என்றது. நான் வேடிக்கையாக ஒன்று சொன்னேன். "போட்டுடலாம். ஆனா அட்டையில பேரு ஏறுன அன்னைக்கு இவ இந்த வீட்டுல இருக்கமாட்டா, எங்கிட்டாச்சும் போயிருவா, சம்மதமா?" என்று சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். கையில் விறகுக் கட்டை இருந்தது, அடுப்புக்கு எடுத்து வைத்தது. பபூன் சொன்னதை யாராவது நிஜம் என்று எடுத்துக்கொள்வார்களா? அவர்கள் ரெண்டு பேரும் எடுத்துக்கொண்டார்கள் போல. அடுப்படியில் இருந்து இருளாயி கையை ஆட்டி 'வேண்டாம்' என்று பிள்ளைக்குக் காட்டினாள். பாருங்கள், அவளே வேண்டாம் என்றாள்.

மறுநாள் சிவப்பு விளக்கு எரிகிறது. கருத்தப்பாண்டி உறுமியை இழுக்கிறான். பிள்ளை பாடுகிறது. "பாட்டெடுத்து ஊட்டிவிட்ட." அடுத்து 'அடைக்கலம்' வரவேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் வாயை அசைத்துக் காட்டுகிறேன், அ டை க் க ல ம் என்று. அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டாள். உறுமி மட்டும் போகிறது. மறுபடி எடுத்தோம், மறுபடியும் அப்படியே. ஸ்டூடியோக்காரர், "அண்ணாச்சி, இதுவே நல்லாத்தான் இருக்கு. ஒரு மாதிரி புல்லரிக்குது. விடுங்க" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அப்புறம்தான் புரிந்தது. மாமன் பேரைச் சொல்லக் கூடாதாம். புருஷன் பேரை, பெரியவர்கள் பேரை வாயால் சொல்லாமல் 'அவுக', 'இவுக' என்கிற பொம்பளைகள் இல்லையா, அந்த மரியாதை. நான் வளர்த்த வளர்ப்பு அப்படி. இதைத்தான் இத்தனை வருஷமாகத் தவசியிடம் சொல்கிறேன்.

கேசட்டு போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டவுன் பஸ், மினி பஸ், ஜவுளிக்கடை, காதுகுத்து வீடு, எங்கே பார்த்தாலும் 'வைகாசி வெயிலு'. ஒரு டிரைவர் பாட்டுக் கேட்டுக்கொண்டே மானாமதுரையில் நிறுத்த மறந்து, நேரே ராமேஸ்வரம் போய்க் கடலைப் பார்த்துத்தான் பிரேக் போட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஒருத்தர்கூடச் சண்டை போடவில்லை, முழுக்குப் போட்டுவிட்டு வந்தார்கள். ரெண்டாவது கேசட்டு 'நாத்தாங்கால்'. அதற்கும் நான்தான். அதிலும் அந்த இடம் வெறுமைதான்.

மூன்றாவது போடுவதற்குள் பிள்ளை மெட்ராசுக்குப் போய்விட்டது. சொல்லிக்கொள்ளவில்லை. நான் ஒரு கோயில் நிகழ்ச்சிக்குப் போயிருந்த நேரம். போகவர, அங்கே தங்க, எதைக்கொண்டு சமாளித்தாள் என்று எனக்கு இன்றுவரைக்கும் புதிர். அதே வாரம் எங்கள் வீட்டில் வேறொரு நஷ்டம். இருளாயியின் காதில் கிடந்த தோடு போய்விட்டது. குளிக்கப் போகும்போது கழற்றி வைத்தாளாம், எலி தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். எங்கள் ஊர் எலி அப்படி, தம்பி, பூனையே ஒதுங்கிப் போகும். நான் வளை வளையாகத் தோண்டிப் பார்த்தேன். அவள் காது ஓட்டையில் குச்சியைச் செருகிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தாள். அன்றைக்கு ஒருநாள்தான் அவள் கொல்லையில் கொஞ்சம் சத்தமாக முனகினாள் என்று ஞாபகம். நஷ்டத்தில் புத்தி தடுமாறிவிட்டது போல.

அந்தா, விளக்குப் போட்டுவிட்டார்கள். கருத்தப்பாண்டி வருகிறான். இன்னும் அவனைத்தான் வைத்திருக்கிறாள். பாண்டி. ஏ பாண்டி. கேட்கவில்லை. உறுமிக்காரனுக்குக் காது மந்தம் வரும், தொழில் அப்படி. பார்த்தான் என்றுதான் நினைக்கிறேன். இருட்டப் போகிறதே, அடையாளம் தெரிந்திருக்காது.

எங்கே விட்டேன்? மெட்ராசு. அங்கே 'கருக்கல்' என்று ஒன்று போட்டாள், கேசட்டு இல்லை, வட்டத் தகடு. அப்புறம் ஒரு சினிமாவில் ஒரே ஒரு பாட்டு. அந்தப் பாட்டோடு ஆள் பறந்துவிட்டாள். அதற்கப்புறம் கிடார்க்காரனை, வெள்ளைக்கார டிரம்மை எல்லாம் சேர்த்துக்கொண்டு 'கப்பி ரோடு' என்று ஒன்று. காலுக்கு பேண்ட், மேலே நம்ம சுங்குடித் துணியில் தைத்த சட்டை. இங்கே இருக்கிறவன், "நம்ம பிள்ளை கெட்டுப் போச்சு, இது நம்ம பாட்டே இல்ல" என்றான். அங்கே இருக்கிறவன், "இந்தக் குரல் இன்னும் வயக்காட்டுலதான் நிக்குது" என்றானாம். ரெண்டு பக்கத்தானும் திட்டித் திட்டியே கேட்டான். கல்யாண மண்டபத்தில் அது, கல்லூரியில் அது, துபாயில் அது. கல்லூரிகளில் அந்த வணக்கப் பாட்டு வந்தால் ஒரு கூத்து நடக்கிறதாம். உறுமி இடம் வந்ததும் இவள் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவாளாம். பிள்ளைகள் ஆளாளுக்குத் தன் ஆத்தா பேரை, சொல்லிக்கொடுத்த டீச்சர் பேரைக் கத்துமாம். அத்தனை ஆயிரம் பேர் நிற்கிற இடம், தம்பி, என் ஒருத்தன் பேருக்காக ஒழித்து வைத்த இடம்.

மெட்ராசுக்குப் போய் ஒரு தரம் பார்த்தேன். வாட்ச்மேன் நிறுத்தி வைத்தான், அது அவன் வேலை. அப்புறம் உள்ளே கூப்பிட்டாள். காப்பி கொடுத்தாள். "அத்தை நல்லா இருக்காங்களா?" என்றாள். நல்லா இருக்கா என்றேன். அந்தப் பேரைப் பற்றிப் பேச்செடுத்தேன். "அத்தைக்கு இடுப்பு வலி எப்படி இருக்கு?" என்றாள். இப்போது தேவலை என்றேன். அடுத்த கேசட்டிலாவது மாமன் பேரைச் சொல்லலாமே, காலம் மாறிப்போச்சே என்றேன். "அத்தைய நல்லா வச்சிருக்கீங்கள்ல, மாமா?" என்றாள். அவளுக்குப் பேசவே வராது, தம்பி. பாடத்தான் வரும். ஒன்றையே சுற்றிச் சுற்றி வருகிறாள்.

இந்தத் தை மாதம் இருளாயி போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள்தான். அழகுநாச்சி காரில் வந்து இறங்கினாள். ஊரே கூடிவிட்டது, இவள் ஒப்பாரி வைப்பாள் என்று. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவள் அத்தை தலைமாட்டில் உட்கார்ந்தாள், காது மடலைத் தடவினாள், அந்தக் குச்சி செருகின ஓட்டையை. வாயைத் திறக்கவே இல்லை. என்னிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கம்.

முப்பதாம் நாள் காரியம் கழிந்து டிவியில் பேட்டி. தவசி கடையில் எல்லோரும்தான் பார்த்தோம். அந்த இடத்தில் என்ன பேர் என்று கேட்கிறார்கள். வழக்கமாகச் சிரித்து மழுப்புவாள். அன்றைக்கு, "எங்க ஊர்ப் பூச்சொரிதல்ல பாடுறேன். அங்க வச்சுச் சொல்றேன். சொல்ல முடியாம ஒரு தடை இருந்துச்சு. இப்ப இல்ல" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கூச்சம் விட்டுப்போச்சு பிள்ளைக்கு" என்றேன். வேறென்ன தடை இருக்க முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

ஏன் தலையைக் குனிந்துகொள்கிறீர்கள்? கயிறு சரியாகத்தான் கட்டியிருக்கிறது.

அங்கே பாருங்கள். மேடைக்குக் கீழே, நடுவில், ஒரு ஸ்டூல். மேலே பட்டுத்துணி போட்டு மூடி ஏதோ வைத்திருக்கிறார்கள். கேடயம். கண்ணாடி பிரேம் போட்ட கேடயமாக இருக்கும். பக்கத்தில் ஒரு நாற்காலி, வெள்ளைத் துணி விரித்து. யாருக்கு? உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்துவார்கள். ஒருவேளை அவசரத்தில் பொன்னாடை வாங்க மறந்திருந்தால் பிள்ளைக்குச் சங்கடமாகிவிடும் என்று நானே ஒன்று வாங்கி இந்தப் பையில் வைத்திருக்கிறேன். சரிகை அசல். இங்கே வருகிறவர்களுக்கு என்ன தெரியும், எல்லாவற்றையும் நாம்தான் யோசிக்க வேண்டும்.

இருங்கள், முகத்தைத் துடைத்துக்கொள்கிறேன். இந்த விளக்குச் சூடு.

வந்துவிட்டாள். படி ஏறுகிறாள். இந்தப் பக்கம்தான் திரும்பினாள், பார்த்தீர்களா? பார்த்தாள். பார்க்கவில்லையா? பார்த்த மாதிரித்தான் இருந்தது. தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், நீங்கள் உயரம்.

பேசாதீர்கள். ஆரம்பித்துவிட்டாள்.

"முன்னவந்து குந்திக்கிட்ட மூத்தபிள்ளை வணக்கமுங்க."

குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது. அலைச்சல். நல்ல குரல், என்னுடையது மாதிரியே.

"எல்லையிலே கண்ணுறங்கா செல்லியம்மா வணக்கமுங்க."

குலவை போடுகிறார்கள் பாருங்கள். தவசி திரும்பிப் பார்க்கிறான், என்னைத் தேடுகிறான். தேடட்டும். இன்னும் ஒரே ஒரு அடி. என் கையைப் பிடிக்க வேண்டாம், தம்பி, எனக்கு ஒன்றுமில்லை.

"பெத்தெடுத்த ஆத்தாளுக்கும் அப்பனுக்கும் வணக்கமுங்க."

இப்போது. உறுமியைக் குறைத்துவிட்டான் கருத்தப்பாண்டி. என் பேர் மூன்றெழுத்து இல்லை, நாலெழுத்து இல்லை, நீளமான பேர், பாட்டில் உட்காருமா என்று யோசித்தாயா, பிள்ளை? உட்காரும், உட்காரும்.

"பாட்டெடுத்து ஊட்டிவிட்ட..."

...

கேட்டீர்களா?

எங்கத்தை இருளாயிக்கு வணக்கமுங்க என்கிறாள். திருப்பியும் சொல்கிறாள். இருளாயி. கூட்டமும் சொல்கிறது. பொம்பளைகள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். நடவுக்காரிகள். இருளாயி இருளாயி என்று. இவ்வளவு பேருக்கு அவளைத் தெரியுமா?

இல்லை, தம்பி, நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டாம். உங்களுக்கு எங்கள் பக்கத்து வழக்கம் தெரியவில்லை. நான் சொன்னேன் அல்லவா, மாமன் பேரைச் சொல்லமாட்டாள். பொம்பளைகள் எப்படிச் சொல்வார்கள்? நேரே சொல்லாமல் இன்னார் வீட்டுக்காரர், இன்னார் அப்பா என்று சுற்றிச் சொல்வார்கள். இருளாயி என்றால் யார்? அடைக்கலம் பெண்டாட்டி. அவளைச் சொன்னால் என்னைச் சொன்ன மாதிரி. அதுதான் மரியாதை. அடைக்கலம் என்ற பேர் அவள் வாயில் வரவே வராது. செத்தாலும் வராது. தவசிக்கு இதைத்தான் சொல்லப் போகிறேன். அவனுக்குப் புரியும். புரியவில்லை என்றால்கூட...

துணியை எடுக்கிறார்கள். ஸ்டூல் மேலே. கேடயம் இல்லையா? படம். இருளாயி படம். இது எங்கே எடுத்தது? என் வீட்டில் இப்படி ஒரு படமே கிடையாது. சிரித்துக்கொண்டிருக்கிறாள். வயல்வரப்பில் நிற்கிறாள். வாய் திறந்திருக்கிறது, பாடுகிற மாதிரி. தோடு போட்டிருக்கிறாள்.

மைக்கில் பேசுகிறாள், சும்மா இருங்கள்.

"எங்க மாமா பபூன் அடைக்கலம் இந்தக் கூட்டத்துல எங்கிட்டாச்சும் நிப்பாங்க. அடைக்கலம் மாமா, முன்னாடி வாங்க. அத்தை படத்துக்குப் பக்கத்துல ஒங்களுக்குத்தான் சேரு போட்டிருக்கு. ஒக்காந்து கேளுங்க. இன்னைக்கு முழுக்க அத்தை பாட்டுத்தான்."

...

சொல்லிவிட்டாள். பேரைச் சொல்லிவிட்டாள், பார்த்தீர்களா. பச்சைத் தண்ணீர் குடிக்கிற மாதிரிச் சொல்லிவிட்டாள்.

என்ன, தம்பி? கயிற்றை ஏன் தூக்குகிறீர்கள்? என்னையா? யாரைக் கூப்பிடுகிறார்கள்? அடைக்கலத்தையா? அட, நீங்கள் ஒன்று. நான் சொன்னதையெல்லாம் நம்பிவிட்டீர்களா? பொழுது போக வேண்டாமா, மைக் டெஸ்டிங் அவ்வளவு நேரம் போனால் ஆள் என்ன செய்வான்? கொஞ்சம் கதை விட்டேன். நான் அடைக்கலம் இல்லை. அந்த ஆள் வேறே. எனக்கு அவரைத் தெரியும், பழக்கம், அவ்வளவுதான். தும்மினதற்குப் பந்தல் விழுந்தது என்றேனே, அதை நம்பினீர்களா? நம்பவில்லை அல்லவா? அப்போது இதை மட்டும் ஏன் நம்புகிறீர்கள்?

மெதுவாகப் பேசுங்கள். தவசி நாற்காலி மேலேயே ஏறி நின்று பார்க்கிறான். கொஞ்சம் இப்படி நில்லுங்கள், தம்பி, எனக்கு முன்னால். நீங்கள் நல்ல உயரம்.

மறுபடி கூப்பிடுகிறாள். கூப்பிடட்டும். வரமாட்டார். அந்த ஆளுக்கு உட்கார்ந்து கேட்கத் தெரியாது.

என்ன பாட்டு இது? இது 'வைகாசி வெயிலு' இல்லை. 'நாத்தாங்கால்' இல்லை. எதிலும் இல்லை இது. கொல்லையில் ஒரு நாள்கூட நான் கேட்டதில்லையே. எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன் என்றுதான்...

போகிறேன், தம்பி. இந்தப் பக்கமாக இருட்டுக்குள் போனால் ரோடு வரும். இந்தப் பையை வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு பொன்னாடை இருக்கிறது. யாரோ கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று சொல்லுங்கள். எங்கே போடுவதா? படத்துக்குப் போடுங்கள். இல்லை, வேண்டாம், அந்த நாற்காலிக்கே போடுங்கள். காலியாகத்தானே கிடக்கப் போகிறது.

இல்லை, படத்துக்கே போடுங்கள். காது மறைக்காமல் போடுங்கள்.